கஸ்பார் அண்ணாச்சி மேல் போட்ட பழி

போன மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணி இருக்கும். நான் மொட்டைமாடியில் கூழ்வற்றல் பிழிந்துகொண்டிருந்தேன். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிற ஒருவர் போனில் கூப்பிட்டார். கடலில் நின்ற இன்னொரு போட்டு வயர்லெஸ்ஸில் சொன்னதைக் கேட்டு எனக்குச் சொன்னார். "அக்கா, ஒங்க போட்டுல தீ. ஆளுக எட்டு பேரையும் அந்தப் போட்டுக்காரங்க ஏத்திட்டாங்களாம். கஸ்பார் அண்ணாச்சி மட்டும் கீழ போனவரு ஏறி வரலியாம்."

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி, "போட்டு என்னாச்சு?" என்பதுதான். அவர் போனை வைத்துவிட்டார். அந்தக் கேள்வியை நான் கேட்டேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றவர்களைத் திட்டப் போகிறேன். என்னை விட்டுவிட்டுத் திட்டினால் அது நியாயமில்லை.

கஸ்பார் அண்ணாச்சியின் முப்பதாம் நாள் பூசைக்கு அடிக்கிற நினைவுத்தாளில் நான்கு வரி எழுதித் தரச் சொல்லி சங்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் போட்டைப் பதினோரு வருஷம் ஓட்டியவர், அதனால் ஓனர் வீட்டிலிருந்து ஏதாவது வேண்டும் என்றார்கள். நல்லவர், உழைப்பாளி, ஆண்டவர் அவர் ஆத்துமத்துக்கு இளைப்பாற்றி அருளட்டும் என்று எழுத எனக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கு அது போதும். ஆனால் ஊரில் இன்னொரு பேச்சு ஓடுகிறது. கஸ்பார் என்ஜின் ரூமில் பீடி பற்றவைத்தார், அந்த நெருப்பில்தான் போட்டு எரிந்தது என்று. ஏலக்கூடத்தில் பேசுகிறார்கள், கோயில் வாசலில் பேசுகிறார்கள். இந்தத் தாளைக் கையில் வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் பேசியவர்கள்தான். ஆகவே நான்கு வரியில் நிறுத்த எனக்கு மனமில்லை. உங்களுக்கே எழுதுகிறேன்.

அவர் எங்கள் போட்டுக்கு டிரைவராக வந்த முதல் நாள், ஆட்களைத் தளத்தில் வரிசையாக நிற்கவைத்து, தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டாராம். போட்டில் சோறாக்குகிற லூர்து சிரித்துவிட்டு, "சுத்திச் சுத்திக் கடலு கெடக்கு. தண்ணிக்கா பஞ்சம் அண்ணாச்சி? ரெண்டு வாளி மோந்து ஊத்துனா தீந்துச்சு" என்றிருக்கிறான். அவர் பழைய எண்ணெய்த் தட்டு ஒன்றில் கொஞ்சம் டீசல் ஊற்றி, துணித்திரி போட்டுக் கொளுத்தினார். நன்றாகப் பிடித்ததும் லூர்து கையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து, ஊற்று என்றார். ஊற்றினான். தீ குப்பென்று எழும்பித் தட்டைத் தாண்டி ஓடியது. லூர்து இடுப்பில் கட்டியிருந்த சாரத்து ஓரம் கருகிப்போயிற்று.

"டீசலு தண்ணிக்கு மேல நிக்கும்லே. நீ ஊத்துத தண்ணி தீயத் தூக்கிட்டு ஒங்கிட்டயே வரும். தீக்கும் மூச்சு வேணும். மணலப் போடு, நனைஞ்ச சாக்கப் போடு, மூடிய இழுத்துச் சாத்து. மூச்ச நிறுத்து" என்று சொன்னார். அன்றிலிருந்து அவருக்குத் துறைமுகத்தில் பெயர் 'பயர் சர்வீஸ்'. "என்ன பயர் சர்வீஸ், இன்னிக்கு மணி அடிக்கலியா?" என்று மற்றப் போட்டுக்காரர்கள் கேட்பார்கள். என் வீட்டுக்காரரும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்வார். நானும் சிரித்திருக்கிறேன்.

சமையல் கேஸ் சிலிண்டர் என்ஜின் ரூம் வாசலை ஒட்டி இருந்தது. காற்று அடிக்காத இடம், லூர்துக்கு வசதி. அண்ணாச்சி அதைத் தூக்கிப் பின்தளத்தில் திறந்த வெளியில் கட்டிவிட்டார். அடுப்பு காற்றில் அணைகிறது, சோறு வேகவில்லை என்று லூர்து என்னிடமே வந்து புகார் செய்தான். நான் அவரைக் கூப்பிட்டு, ஆட்கள் அரைவேக்காட்டுச் சோறு தின்கிறார்களாமே என்று கேட்டேன். "கேஸ் மேல போவாது தங்கச்சி. கீழ எறங்கி, அடியில தண்ணி தேங்குத எடத்துல பதுங்கிக் கெடக்கும். என்ஜின் ஸ்டார்ட் பண்ணுத வரைக்கும் அது அங்கன இருக்கது யாருக்கும் தெரியாது" என்றார். பிறகு அவரே தகரத்தை வளைத்து அடுப்புக்கு மூன்று பக்கமும் மறைப்பு கட்டிக் கொடுத்தார். லூர்து அதற்குப் பிறகும் முணுமுணுத்தான். தீக்கென்று அண்ணாச்சி நிரப்பி வைத்திருந்த மணல் வாளியில் வெற்றிலை எச்சிலைத் துப்பினான். அண்ணாச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. கரைக்கு வந்ததும் அவனையே உட்காரவைத்து அந்த மணலைச் சலிக்கவைத்தார். ஒரு மணி நேரம். போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

என்னோடு அவருக்கு ஒரே ஒரு தடவை பெரிய சண்டை வந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டைக் கரையேற்றி, ஓட்டை அடைத்து, புதுப் பெயின்ட் அடித்து, தடை முடிகிற அன்று பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு, தீர்த்தம் தெளித்து மந்திரிப்போம் அல்லவா. அன்றைக்கு நான் தூபக்கால் நிறையச் சாம்பிராணி போட்டு, கேபினில் மாதா படத்துக்குக் காட்டிவிட்டு, என்ஜினுக்கும் காட்டலாம் என்று ஏணியில் கால் வைத்தேன். கஸ்பார் அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றுவிட்டார். கீழே பெயின்ட் அடித்து இரண்டு நாள்தான் ஆகிறது, மூடியே கிடந்தது, தின்னர் வாடை இன்னும் போகவில்லை, கனலோடு இறங்கக்கூடாது என்றார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு மானம் போயிற்று. மாதாவுக்குக் காட்டுகிற தூபத்தை மறிக்கிற நீர் ஞானஸ்நானம் வாங்கின வேதக்காரர்தானா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னிடம் பேசாமல் சாமியாரைப் பார்த்து, "சாமி, என்ஜினுக்குத் தீர்த்தம் மட்டும் தெளிச்சாப் போதும்லா? அதும் ஆசீர்வாதந்தான்?" என்றார். சாமியார் சிரித்துக்கொண்டே தீர்த்தத்தைத் தெளித்தார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் அவர் தினமும் எங்கள் வீட்டுக்கு ஒரு பொதி மீன் கொடுத்துவிட்டார். நான் அதைக் குழம்பு வைத்துத் தின்றுகொண்டே அவரைத் திட்டினேன்.

இனி நான் சொல்லப்போவது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாத மாதிரி இருக்கிறீர்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை தடைக்காலத்தில் போட்டுகளைச் சோதிக்க அதிகாரிகள் வருகிறார்கள். ஒவ்வொரு போட்டிலும் தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். போட்டுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிக் கிடக்கும். முதல் போட்டில் பார்த்து எழுதிக்கொண்டு அவர்கள் ஏணியில் ஏறி இறங்குவதற்குள், அந்தச் சிலிண்டர் மறுபக்கமாகக் கைமாறி நான்காவது போட்டுக்குப் போயிருக்கும். அங்கிருந்து ஏழாவதுக்கு. இத்தனை போட்டுக்கும் மொத்தம் இரண்டு மூன்று சிலிண்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் கண்ணில் பட்டதை எழுதினார்கள். ஏமாற்றியது நாம். கெட்டிக்காரத்தனம் என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டோம். சோதனை முடிந்த அன்று சாயங்காலம் டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

கஸ்பார் அண்ணாச்சி கைமாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் போட்டுக்கு என்று சொந்தமாக ஒன்று வாங்கவேண்டும் என்று நச்சரித்து, போன வருஷம் வாங்கவைத்தார். புதுசு. பளபளவென்று இருந்தது. சோதனை முடிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சிலிண்டரை நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், அடுத்த வருஷம் காட்டும்போது புதுசாக இருக்கவேண்டும் என்று, பழைய சேலையில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்தேன். இந்த வருஷம் சோதனைக்கு ஒரு நாள் போட்டுக்குப் போய்விட்டு மறுபடியும் அலமாரிக்கு மேல் ஏறிவிட்டது. அதற்குச் சேலையையும் மாற்றினேன்.

அண்ணாச்சி மூன்று தடவை வந்து கேட்டார். முதல் தடவை, தாரேன் என்றேன். இரண்டாவது தடவை, போட்டில் அதை மாட்ட ஸ்டாண்டு அடித்த பிறகு தாரேன் என்றேன். மூன்றாவது தடவை அவர் வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றே கேட்டார். "அலமாரியா தங்கச்சி கடலுக்குப் போவுது?"

எனக்குக் கோபம் வந்தது. வேலைக்கு இருக்கிறவர் என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கதவைச் சாத்தினேன்.

தடை முடிந்து இறால் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த நேரம். திங்கட்கிழமை இரவு கரைக்கு வந்ததும் அவர் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். டீசல் போகிற ரப்பர் குழாய் வெடித்துச் சொட்டுகிறது, கீழே சூடு தாக்காமல் சைலன்சர் குழாயில் சுற்றியிருந்த கயிறும் பிய்ந்து தொங்குகிறது, சொட்டுவது அந்தச் சூட்டில் விழுந்தால் போயிற்று, இரண்டையும் மாற்றினால்தான் போட்டை எடுக்கமுடியும் என்று. ஒரு நாள் வேலை. என் வீட்டுக்காரர், "இந்த வாரம் மட்டும் ஓட்டிக்கிடுங்க அண்ணாச்சி, சனிக்கிழம மாத்திருவோம்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணாச்சி சைக்கிள் டியூபைக் கிழித்துக் குழாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, செவ்வாய் காலையில் போட்டை எடுத்தார்.

தெரிந்தே ஏன் எடுத்தார் என்று கேட்கிறீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது. முந்தின வருஷம் பேட்டரி வயரில் பொறி பறக்கிறது, எடுக்கமாட்டேன் என்று ஒரு தடவை சொன்னார். என் வீட்டுக்காரர் மூன்று நாள் வேறு டிரைவரைப் போட்டு ஓட்டினார். அந்த மூன்று நாளும் கஸ்பார் அண்ணாச்சி சாயங்காலத்திலிருந்து போட்டுகள் கட்டுகிற ஜெட்டியில் உட்கார்ந்து, போட்டு திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் சம்சாரம் அமலி மைனி சொன்னாள். ஏன் இப்படிக் கிடந்து தவிக்கிறீர், அடுத்த தடவையும் முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டில் இரும் என்று மைனி சொன்னதற்கு அவர் சொன்ன பதில் இது: "நான் எடுக்கலன்னா இன்னொருத்தன் எடுப்பான். அவனுக்கு எங்கன ஒழுவுதுன்னு தெரியாது. எனக்குத் தெரியும்."

அன்று நடந்ததை லூர்து என்னிடம் சொன்னான். மடி வலையை இறக்கி இழுத்துக்கொண்டிருந்தபோது என்ஜின் ரூமிலிருந்து கறுப்பாகப் புகை வந்திருக்கிறது. அண்ணாச்சி என்ஜினை நிறுத்திவிட்டு, வயர்லெஸ்ஸில் பக்கத்துப் போட்டைக் கூப்பிட்டு, எல்லோரையும் லைப் ஜாக்கெட் போட்டு முன்பக்கம் போகச் சொன்னார். மணல் இரண்டு வாளியையும் கொட்டினார். நனைந்த சாக்கைப் போட்டார். அடங்கவில்லை. கேஸ் சிலிண்டரை அவிழ்த்துக் கடலில் தள்ளினார். பக்கத்துப் போட்டு வந்து ஒட்டி நின்றதும் ஒவ்வொருவனாக ஏற்றிவிட்டார். அந்தப் போட்டில் தீயணைக்கிற சிலிண்டர் இருந்தது. வலைக்கும் டிரம்முக்கும் அடியில் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டீசல் டேங்கை அடைக்கிற வால்வு கீழே, என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை மேலே தளத்திலிருந்து அடைக்கிற மாதிரி வைக்கச் சொல்லியும் அவர் கேட்டிருக்கிறார். அதையும் நாங்கள் செய்யவில்லை. "டேங்கு பிடிச்சா ரெண்டு போட்டும் போவும்லே" என்று லூர்திடம் சொல்லிவிட்டு, தலையில் நனைந்த சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அவர் ஏறி வரவில்லை. சிலிண்டர் வலைக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது புகையில் ஏணிகூடத் தெரியவில்லை என்றான் லூர்து. அழுதுகொண்டே சொன்னான். ஒரு காலத்தில் மணல் வாளியில் துப்பியவன்.

பாதி எரிந்த போட்டை மாலையில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக் இறங்கிப் பார்த்தார். வால்வு இறுக அடைத்திருந்தது. டேங்கில் டீசல் அப்படியே இருந்தது. ரப்பர் குழாய் இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது, சைலன்சருக்கு நேர் மேலே. மெக்கானிக் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னார். நான் கேட்டேன்.

மறுநாள் விசாரிக்க வந்தவர்கள், தீ எப்படிப் பிடித்தது என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர், தெரியாது என்றார். பீடி குடிப்பாரா என்று கேட்டார்கள். குடிப்பார் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னிடம் சாதிக்கிறார். அந்த ஒரு 'குடிப்பார்' சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போதே எனக்குப் பின்னால் இரண்டு பேர் அதைப் பேசினார்கள். எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றார் ஒருவர். ஆண்டவர் ரப்பர் குழாய் மாற்ற வேண்டாம் என்று யாரிடம் வந்து சொன்னார்?

பீடி குடிப்பார், உண்மை. ஜெட்டி முனையில் இருக்கிற டீக்கடைக்கு நான் போன வாரம் போனேன். கஸ்பார் அண்ணாச்சி போட்டுக்குப் போகும்போது பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் தினமும் அந்தக் கடை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுப் போவார், வந்த பிறகு வாங்கிக்கொள்வார் என்று லூர்து சொல்லியிருந்தான். கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் முதலில் பாலை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சுவர்த்தட்டுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"செவ்வாக்கெழம காலைல குடுத்தது. வாங்க வரல" என்றார்.

இத்தனை நாளாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "நான் கட நடத்துதது ஓனருமாரு வாரதுனாலயும்தான், அக்கா" என்றார். எனக்கு அவரை அறையவேண்டும் போல இருந்தது. ஆனால் நான் அலமாரிக்காரி. எந்தக் கையால் அறைவேன்?

அதைக் கொண்டுபோய் அமலி மைனியிடம் கொடுத்தேன். என் தப்பையும் சொன்னேன், சிலிண்டரை, குழாயை, எல்லாவற்றையும். மைனி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பீடிக்கட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி என்னிடமே நீட்டினாள். "இது எங்கிட்ட இருந்தா, பொண்டாட்டி சொல்லுதான்னு போயிருவாங்க. ஓனர் வீட்டுக்காரி நீ சொல்லு. அழுதுட்டுப் போவாத. சொல்லு."

இதை எழுதியதை என் வீட்டுக்காரர் நேற்றுப் படித்தார். இந்தத் தாள் வெளியே போனால் ஊரில் நாம் நாறிவிடுவோம், எந்த ஆளும் நம் போட்டில் ஏறமாட்டான் என்றார். "அவரு வெந்தே போயிட்டாரு. நாம நாறுனா என்ன?" என்று கேட்டேன்.  அடுத்த வாரம் மறுபடியும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வந்தால் இரண்டு பேரும் போவோம். வராவிட்டால் நான் தனியாகப் போவேன். மெக்கானிக் என் முன்னால் சொன்னதை நான் அவர்கள் முன்னால் சொல்வேன்.

கஸ்பார் அண்ணாச்சியின் பொருள்களில் என்னிடம் இருப்பது அந்தப் பீடிக்கட்டும் தீப்பெட்டியும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நிற்பேன். பீடி நெருப்பு என்று பேசியவர்கள் என் முன்னால் வந்து பேசுங்கள். நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். பீடிக்கட்டில் மூன்று குறைகிறது. அந்த மூன்றையும் அவர் கரையில் நின்றுதான் குடித்தார்.